1/48 ஸ்பிட்ஃபயர் மார்க் 1: பெட்டியைத் திறப்பதிலிருந்து ஆன்டெனா கம்பி வரை

1940 கோடையில் பிரிட்டன் வான்போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 1-இன் இறக்கை, முனைக்கு முனை 11.23 மீட்டர். 48-இல் ஒரு பங்காகச் சுருக்கிய, அதாவது 1/48 அளவு பிளாஸ்டிக் மாடலில் அது 23.4 சென்டிமீட்டர். இதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: மாடலின் மேல் 0.1 மில்லிமீட்டர் கனத்தில் பெயின்ட் படிந்தால், நிஜ விமானத்தில் அது கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர். கட்டி முடித்த மாடல் பொம்மை மாதிரி தெரிவதற்கு முக்கால்வாசி நேரம் இந்தக் கனம்தான் காரணம். பெயின்ட் கனம், இறக்கைப் பின்னோரம் கனம், பேனல் கோடு (உலோகத் தகடுகள் சேரும் இடுக்கு) கனம். கீழே வரும் பல வேலைகள் இந்தக் கனத்தைக் குறைப்பதற்கானவை.

டாமியா, எட்வார்ட், ஏர்ஃபிக்ஸ் மூன்று நிறுவனங்களிடமும் இந்த அளவில் மார்க் 1 கிட் இருக்கிறது. எதை வாங்கினாலும் வேலை ஒன்றுதான்.

ஒட்டுவதற்கு முன்

ஸ்ப்ரூக்களை, அதாவது பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சட்டங்களை, பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். அச்சிலிருந்து எடுக்கத் தடவிய எண்ணெய்ப் பசை மிச்சமிருந்தால், பிற்பாடு மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போது பெயின்ட்டும் கூடவே வரும்.

பாகத்தை நிப்பரால் இரண்டு தடவையாக வெட்டுங்கள். முதல் வெட்டு பாகத்திலிருந்து 2 மி.மீ. தள்ளி, அடுத்தது அதன் பக்கத்தில். ஒரே வெட்டில் எடுத்தால் அழுத்தத்தில் பிளாஸ்டிக் பிய்ந்து, அந்த இடம் வெளுத்துக் குழியாகிவிடும். மீதித் துணுக்கை 11-ஆம் நம்பர் பிளேடால் சீவி, 600 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்த்தால் போதும். சக்கரத் தண்டு, புரொப்பல்லர், ஆன்டெனா கம்பம் இவற்றின் நீளவாக்கில் ஓடும் அச்சுக்கோட்டை, பிளேடைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டி எடுங்கள்.

இறக்கையின் மேல், கீழ்ப் பாதிகளை ஒட்டுமுன் பின்னோரத்தின் உட்பக்கத்தை 400 நம்பர் தாளில் தேய்த்து மெலிதாக்குங்கள். ஸ்பிட்ஃபயரின் அழகே அந்த மெல்லிய நீள்வட்ட இறக்கை. வெளிப்பக்கம் தேய்த்தால் பேனல் கோடுகள் அழிந்துவிடும். உள்ளே தேய்த்தால் ஒன்றும் கெடாது.

காக்பிட்

உள்நிறம் பச்சை கலந்த சாம்பல். ஹம்ப்ரால் 78 சரியாக இருக்கும். இன்ஸ்ட்ருமென்ட் பேனல் கறுப்பு. இந்த விமானத்தில் தட்டையான தரை கிடையாது. பைலட்டின் கால்களுக்கு இரண்டு தடங்கள் மட்டும்தான், அவற்றுக்குக் கீழே வெறும் உடற்கூடு. இல்லாத தரையை நீங்களாக அடைக்க வேண்டாம்.

முழு நிறம் காய்ந்ததும் அடர் பழுப்பு எனாமல் வாஷை (மிகவும் நீர்த்த பெயின்ட்) மூலைகளில் இறக்கி, மேடுகளில் அதே நிறத்தின் வெளிறிய கலவையை உலர்ந்த பிரஷ்ஷால் தடவுங்கள். கண்ணாடி மூடியை ஒட்டியபின் கண்ணுக்குத் தெரிவது சீட், பெல்ட், வளையம் போன்ற ஸ்டிக் கைப்பிடி, பேனலின் மேல் பாதி இவ்வளவே. நேரத்தை அங்கே செலவிடுங்கள். பெல்ட் மட்டும் போட்டோ எட்ச்சில் (அரித்து உருவாக்கிய மெல்லிய பித்தளைத் தகடு) வாங்கினால் போதும். மடிக்குமுன் அதை மெழுகுவர்த்திச் சுடரில் ஒரு நொடி காட்டி ஆறவிட்டால் பித்தளை இளகி, சீட்டின் வளைவுக்குப் படியும். அப்படிச் செய்யாமல் ஒட்டினால் விறைத்துக்கொண்டு நிற்கும்.

உடலும் இறக்கையும்

டாமியா எக்ஸ்ட்ரா தின் மாதிரியான நீர்த்த சிமென்ட், பசை போல ஒட்டுவதில்லை. பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்குகிறது. அதனால் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்த பிறகுதான் இணைப்பின் மேல் பிரஷ்ஷை வைக்க வேண்டும். அது தானாக உள்ளே ஓடும். பத்து நொடி கழித்து இறுக்கி அழுத்தினால் கரைந்த பிளாஸ்டிக் மெல்லிய வரப்பாகப் பிதுங்கி வரும். அதுதான் உங்கள் புட்டி. 24 மணி நேரம் விட்டு, பிளேடால் சீவி, 600, 1000 என்று தேய்த்தால் இணைப்பே தெரியாது. அவசரப்பட்டு அன்றைக்கே தேய்த்தால், உள்ளே ஈரமாக இருந்த இடம் ஒரு வாரத்தில் சுருங்கிக் குழியாகும். விரல் படும் இடத்தில் இணைப்புக் கோடு ஓடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சிமென்ட் விரலுக்கடியில் ஓடினால் ரேகை அப்படியே பதிந்துவிடும்.

மூக்கின் மேல்மூடியில் நிஜ விமானத்தில் நடுக்கோடு கிடையாது. அங்கே இணைப்பு தெரிந்தால் தவறு. இன்ஜினுக்கு மேலே மிஸ்டர் சர்ஃபேசர் 1000 பிரைமர் ஒரு பூச்சு கொடுத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத கோடு சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும்.

அதிகம் சொதப்புவது இறக்கை உடலோடு சேரும் இடம். முதலில் சிமென்ட் இல்லாமல் பொருத்திப் பாருங்கள். இறக்கை வேரில் அரை மில்லிமீட்டர் இடைவெளி தெரிகிறதா? புட்டியை எடுக்காதீர்கள். புட்டியைத் தேய்க்கப்போனால் அந்த வளைவின் நுணுக்கமெல்லாம் சேர்ந்து போய்விடும். உடலின் அகலம் போதாததுதான் கோளாறு. ஸ்ப்ரூவில் ஒரு துண்டு வெட்டி, உடலுக்குள் குறுக்கே முட்டுக் கொடுத்தால் பக்கங்கள் வெளியே தள்ளப்பட்டு இடைவெளி மூடும். துண்டை ஒரு மயிரளவு நீளமாக வெட்டி, பொருத்திப் பார்த்துப் பார்த்துத் தேய்த்துக் குறையுங்கள்.

இறக்கைகள் மேல்நோக்கி 6 டிகிரி சாய வேண்டும். தடித்த அட்டையில் அந்தக் கோணத்தில் இரண்டு தாங்கிகள் வெட்டி, சிமென்ட் காயும்வரை இறக்கைகளை அதன்மேல் வைத்துவிடுங்கள். இடது வலது வித்தியாசம் கண்ணில் உடனே உறுத்தும். கீழே இன்னொன்று: ரேடியேட்டர் வலது இறக்கையில், சிறிய ஆயில் கூலர் இடது இறக்கையில். மார்க் 1-இல் இரண்டும் ஒரே அளவு அல்ல.

இறக்கை ஃபிளாப்பைத் திறந்துவைக்கும் ஆசை பலருக்கு உண்டு, அதற்கென்றே எட்ச் செட்டும் விற்கிறார்கள். தரையில் நின்ற ஸ்பிட்ஃபயரில் ஃபிளாப் இறங்கியிருப்பது அபூர்வம். விமானம் தரையிறங்கியதும் பைலட் அதை மேலேற்றிவிடுவார். மூடியே ஒட்டுங்கள்.

கண்ணாடி

தெளிவான பாகங்களுக்கு ஃபெவிக்விக் வகைப் பசை கூடவே கூடாது. அதன் ஆவி படிந்து கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும். ஃபெவிகால் வெள்ளைப் பசை போதும், பிதுங்கினால் ஈரத் துணியால் துடைத்துவிடலாம். ஃபிரேம்களை விட்டுவிட்டுக் கண்ணாடிப் பரப்பில் மட்டும் டேப் ஒட்டியபின் முதல் பூச்சு உள்நிறமான சாம்பல் பச்சை, அதன் மேல் வெளிநிறம். உள்ளிருந்து பார்க்கும்போது ஃபிரேம் சரியான நிறத்தில் தெரிய இதுதான் வழி.

பெயின்ட்

மிஸ்டர் ஹாபி அக்வியஸ் வரிசையில் டார்க் எர்த் எச்72, டார்க் கிரீன் எச்73, அடிப்பக்கத்து ஸ்கை (வெளிர் பச்சை) எச்74. ஒரு பங்கு பெயின்ட்டுக்கு ஒரு பங்கு லெவலிங் தின்னர், 0.3 மி.மீ. ஊசி, 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தம், 5 முதல் 8 செ.மீ. தூரம். கலவை பால் மாதிரி கிண்ணத்தின் சுவரில் வழிந்து இறங்க வேண்டும். ஹார்டுவேர் கடை என்.சி. தின்னர் ஏர்பிரஷ் கழுவ மட்டும்தான். வெறும் பிளாஸ்டிக்கில் பட்டால் அரித்துவிடும். ஜன்னல் திறந்திருக்கட்டும், ஆவியைத் தடுக்கும் கார்பன் மாஸ்க் கட்டாயம்.

நம் ஊர் வெயிலில் பெயின்ட் ஊசி முனையிலேயே காய்ந்து தெறிக்கும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தின்னர் நனைத்த பஞ்சுக் குச்சியால் முனையைத் துடையுங்கள். கையால் தடவும்போது பரப்பு மணல் போல் சொரசொரப்பாக இருந்தால், பெயின்ட் வழியிலேயே காய்ந்து தூசியாக விழுகிறது என்று அர்த்தம். தூரத்தைக் குறையுங்கள், தின்னரைக் கூட்டுங்கள். கடலோர ஊர்களில் இதற்கு நேரெதிர்த் தொல்லை: மழை நாளில் லாக்கர் அடித்தால் காற்றின் ஈரம் படலத்தில் இறங்கி வெள்ளையாகப் பூக்கும். கம்ப்ரஸரில் ஈரத்தைப் பிடிக்கும் வாட்டர் டிராப் இல்லாமல் வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

முதலில் ஸ்கை, பிறகு மேல்பக்கம் முழுக்க டார்க் எர்த், அதன்மேல் பச்சைத் திட்டுகள். திட்டின் ஓரம் ஒரு மில்லிமீட்டர் மங்கினாலும் நிஜத்தில் அது 5 செ.மீ. 1940 படங்களில் ஓரம் அதைவிடக் கூர்மை. புளூ டாக் என்ற ஒட்டும் களிமண்ணை 2 மி.மீ. தடிமனில் திரித்து எல்லைக்கோட்டில் ஒட்டி, ஏர்பிரஷ்ஷைச் செங்குத்தாகப் பிடித்து அடித்தால் சரியான மென்மை கிடைக்கும். சாய்த்துப் பிடித்தால் திரிக்கு அடியில் பெயின்ட் புகுந்துவிடும். வேலை முடிந்த அன்றே திரியை எடுத்துவிடுங்கள். நாள்கணக்கில் விட்டால் எண்ணெய்க் கறை பிடிக்கும்.

புரொப்பல்லர் நுனியின் மஞ்சள் நிஜத்தில் 4 அங்குலம். உங்கள் மாடலில் 2.1 மி.மீ. பலரும் 4 மி.மீ. வரை தீட்டிவிடுகிறார்கள். ஸ்பின்னர் கறுப்பு. ஸ்கை நிறத்து ஸ்பின்னரும் வாலுக்கு முன்னால் வரும் ஸ்கை பட்டையும் 1940-இன் கடைசியில் வந்தவை. ஆகஸ்ட் மாத விமானத்துக்கு அவற்றைப் போட்டால் காலம் பிசகிவிடும்.

டீக்கால்

மேட் பரப்பில் டீக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னப் படலம்) ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி போல மின்னும். அதனால் முதலில் கிளாஸ் பூச்சு, டாமியா எக்ஸ்-22 போன்றது, நன்றாகக் காயட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் 15 நொடி நனைத்து எடுத்து, ஒரு நிமிடம் வெளியே வையுங்கள். ஒட்டும் இடத்தில் மைக்ரோ செட் திரவம், டீக்கால் உட்கார்ந்தபின் மேலே அதை இளக்கும் மைக்ரோ சால். சால் பட்டதும் டீக்கால் சுருங்கிக் கசங்கும். பதறிப்போய்த் தொடாதீர்கள், அந்த நேரத்தில் அது ஈரக் காகிதத்தைவிட மோசமாகக் கிழியும். அரை மணியில் தானே படிந்து பேனல் கோட்டுக்குள் இறங்கிவிடும். வெள்ளி மிச்சமிருந்தால் ஊசியால் குத்தி இன்னொரு சொட்டு சால் விடுங்கள்.

அழுக்கும் கறையும்

பேனல் கோடுகளில் கறுப்பு வாஷ் வேண்டாம். நிஜத்தில் 1 மி.மீ. இடுக்கு, மாடலில் 0.02 மி.மீ. தான். மேல்பக்கத்துக்கு அடர் பழுப்பு, ஸ்கைக்கு நடுத்தரச் சாம்பல். அதுவும் கீல்கள், எய்லெரான் (இறக்கைப் பின்னோரத்தில் அசையும் பலகை), இன்ஜின் மூடி இங்கே மட்டும் சற்று அழுத்தமாக.

துப்பாக்கி வாய்களை மூடிய சிவப்புத் துணிப் பட்டைகளைக் கவனியுங்கள். இறக்கை முன்னோரத்தில் எட்டு பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கிகளின் வாயிலும் அவை ஒட்டப்பட்டிருக்கும். சுட்டால் கிழிந்துபோகும். ஆகவே பட்டை முழுசாக இருந்தால் இறக்கைக்கு அடியில் புகைக்கறை இருக்கக் கூடாது. கறை போட ஆசையென்றால் பட்டையைக் கிழித்துக் காட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்த மாடல்கள் ஏராளம்.

பைலட் இடது பக்கக் கதவு வழியாக ஏறுவதால் இடது இறக்கை வேரில்தான் பெயின்ட் உரிந்திருக்கும். ஸ்பாஞ்சு நுனியில் அலுமினிய நிறம் தொட்டு, காகிதத்தில் ஒற்றி எடுத்துவிட்டு, லேசாகத் தட்டுங்கள். வலது பக்கம் கிட்டத்தட்ட ஒன்றுமே வேண்டாம். எக்ஸாஸ்ட் கறைக்கு மிக நீர்த்த கறுப்பு பழுப்புக் கலவை, காற்று ஓடும் திசையில் மூன்று நான்கு மெல்லிய பூச்சு. 1940-இல் பல ஸ்பிட்ஃபயர்கள் சில வாரங்களே தாக்குப்பிடித்தன. பாலைவனத்து விமானம் போல வெளுத்துக் காட்டுவது பொருந்தாது.

கடைசிப் பாகங்கள்

மேட் வார்னிஷ் அடித்துக் காய்ந்ததும் கண்ணாடி மேல் ஒட்டிய டேப்பை மெல்ல, பின்னோக்கி மடித்தவாறு உரியுங்கள். டயரின் அடியை அரை மில்லிமீட்டர் தேய்த்துத் தட்டையாக்கினால் விமானத்துக்கு எடை இருப்பது தெரியும். இரண்டு டயரின் தட்டையும் தரையில் முழுசாகப் படிகிறதா என்று, சிமென்ட் இறுகுமுன் கண்ணாடிப் பலகை மேல் நிறுத்திப் பாருங்கள்.

ஆன்டெனா கம்பி, பழைய எச்.எஃப். (குறைந்த அதிர்வெண்) ரேடியோ வைத்திருந்த விமானங்களில் மட்டும் கம்பத்திலிருந்து சுக்கான் உச்சிக்கு ஓடும். வி.எச்.எஃப். (உயர் அதிர்வெண்) ரேடியோவுக்கு மாறியவற்றில் இல்லை. உங்கள் டீக்கால் எந்த விமானத்துடையது என்று படம் பார்த்து முடிவு செய்யுங்கள். கம்பி வேண்டுமென்றால் ஸ்ப்ரூவைச் சுடருக்கு மேல் உருட்டி, இளகியதும் வெளியே எடுத்து நிதானமாக இழுத்தால் மயிரிழை வரும். இரு முனையையும் ஒட்டிக் காய்ந்தபின் தொய்வு இருந்தால், கனன்றுகொண்டிருக்கும் ஊதுபத்தியை ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் இழையின் நீளத்துக்கு நகர்த்துங்கள். சூட்டில் சுருங்கி விறைத்துக்கொள்ளும். ஒரே இடத்தில் நிறுத்தினால் அறுந்துவிடும்.