திருமணப் படங்கள்: பின்னால் திருத்த முடியாத தவறுகள்

படம் சற்றுச் சாய்ந்திருந்தால் கணினியில் நிமிர்த்திவிடலாம். முகம் மஞ்சளடித்திருந்தால் நிறத்தைச் சரிசெய்யலாம். ஆனால் முகம் ஆடிக் கலங்கிப்போனாலோ, முக்கியமான நொடியில் கேமரா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாலோ, மணமக்களைக் கூப்பிட்டு மறுபடியும் திருமணம் செய்துகொள்ளுங்கள் என்று சொல்ல முடியாது. புதிதாகத் திருமணத்துக்குப் படம் எடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் சின்னக் குறைகளுக்குப் பயந்து, மீட்கவே முடியாத தவறுகளில் போய் விழுகிறார்கள்.

ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறனை, கூட்டத் தயங்குவது அப்படி ஒன்று. படம் புள்ளிபுள்ளியாகிவிடுமே என்று 800-ஐத் தாண்ட மனம் வராது. மண்டபத்துக்குள்ளோ வெளிச்சம் குறைவு. ஐஎஸ்ஓ ஏறாவிட்டால், தானியங்கி முறையில் கேமரா ஷட்டர் வேகத்தை (ஒளி உள்ளே வர ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) 1/30 நொடி வரைக்கும் இறக்கிவிடும். முதுகுப்புறத் திரையில் சிறிதாகப் பார்க்கும்போது எல்லாம் நன்றாகவே தெரியும். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், பின்னால் இருக்கும் திரைச்சீலையின் மடிப்புகள் துல்லியமாக இருக்கும். நடந்துவந்த மணமக்களின் கண்ணும் மூக்கும் மட்டும் இழுபட்டிருக்கும். லென்ஸில் அதிர்வைத் தடுக்கும் வசதி இருக்கிறதே என்று நம்பியும் பயனில்லை. அது உங்கள் கை நடுக்கத்துக்கு மருந்து. எதிரே நடப்பவரை அது நிறுத்திவைக்காது. ஷட்டரை நின்று பேசுபவர்களுக்கு 1/125 நொடி, நடப்பவர்களுக்கு 1/250, ஆடுபவர்களுக்கு 1/500 என்று வைத்துக்கொண்டு, ஐஎஸ்ஓ போகிற இடத்துக்குப் போகட்டும் என்று விட்டுவிடுங்கள். இன்றைய கேமராக்களில் 3200, 6400 எல்லாம் தாராளமாகப் பயன்படும். புள்ளிகளை மென்பொருள் குறைத்துவிடும். தவிர, ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள் புள்ளிகளைத் தேடுவதில்லை. தங்கள் முகத்தைத்தான் தேடுவார்கள்.

எல்இடி விளக்குகளில் ஒரு பொறி இருக்கிறது. மலிவான விளக்குகள் மின்சாரத்தின் தாளத்துக்கு ஏற்ப அணைந்து எரிகின்றன: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை, 60 ஹெர்ட்ஸில் 120 முறை. கண்ணுக்குத் தெரியாத இந்த மினுக்கம், வேகமான ஷட்டரில் படத்தின் குறுக்கே இருண்ட பட்டைகளாக விழும். விழா தொடங்கும் முன்பே, ஆள் இல்லாத மேடையை நான்கைந்து படம் எடுத்துப் பாருங்கள். பட்டை தெரிந்தால், கேமராவில் மினுக்கத்தைத் தவிர்க்கும் வசதியை இயக்குங்கள். அது இல்லையென்றால் 50 ஹெர்ட்ஸுக்கு 1/100, 60 ஹெர்ட்ஸுக்கு 1/125 என்று ஷட்டரை வைத்து, அசைவு அடங்கும் தருணத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

பிளாஷை முகத்துக்கு நேரே அடித்தால் நெற்றி பளபளக்கும், பின்னணி இருட்டில் மூழ்கும். வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்பினால் வெளிச்சம் பரவி இறங்கும். கூரைக்கு வேறு வண்ணம் பூசியிருந்தால் அந்த வண்ணமே எல்லோர் முகத்திலும் வந்து உட்காரும் என்பதால், அண்ணாந்து பார்த்துவிட்டுத் திருப்புங்கள்.

வெள்ளை உடை தனிச் சோதனை. கேமராவின் ஒளி அளவி, பார்ப்பதையெல்லாம் நடுச்சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். திரை முழுக்க வெள்ளை உடை நிறைந்தால் அது அழுக்கேறியதுபோல் மங்கும். பக்கத்தில் கறுப்பு உடை அதிக இடம் பிடித்தால் இதே வெள்ளை வெளுத்து, துணியின் வேலைப்பாடு மறைந்துபோகும். மங்கியதை மீட்கலாம். முழுக்க வெளுத்துப்போன இடத்தில் மீட்க எதுவும் மிஞ்சியிருக்காது. ஆகவே வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தே எடுங்கள், கேமரா பதிந்த விவரங்களைச் சுருக்காமல் வைத்திருக்கும் ரா (RAW) கோப்பாகவே சேமியுங்கள்.

குழுப் படத்தில்தான் அதிகம் மனக்கசப்பு வருகிறது. பின்னணி அழகாக மங்க வேண்டும் என்று லென்ஸின் துவாரத்தை எஃப்/1.8 என அகலத் திறந்து எடுத்தால், முன்வரிசை மட்டும் தெளிவாகி, பின்வரிசையில் நிற்கும் பெரியப்பா கலங்கிவிடுவார். இரண்டு மூன்று வரிசை நின்றால் துவாரத்தைச் சுருக்கி எஃப்/5.6 முதல் எஃப்/8 வரை வைக்க வேண்டும். இடம் போதவில்லை என்று அகலமாகப் பிடிக்கும் 24 மி.மீ. லென்ஸை மாட்டினால் ஓரத்தில் நிற்பவர்களின் முகமும் தோளும் அகலமாக இழுபடும். அந்த ஓரத்தில் நிற்பவர் யாராக இருந்தாலும் உங்களை மன்னிக்க மாட்டார். முடிந்தவரை பின்னால் நகர்ந்து 50 மி.மீ. அளவில் எடுங்கள். யாராவது ஒருவர் கண் இமைத்துக்கொண்டேதான் இருப்பார் என்பதால் ஒரே ஒரு படத்தோடு குழுவைக் கலைக்காதீர்கள். யார் யார் நிற்க வேண்டும் என்ற பட்டியலை முன்பே வாங்கிக்கொண்டு, உறவினர்களின் முகம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து ஆட்களை அழைக்கச் சொல்லுங்கள். முதியவர்களை முதலில் எடுத்து அனுப்பிவிடுவது மரியாதை மட்டுமல்ல, நேரமும் மிச்சம்.

சடங்குகளின் வரிசை தெரியாமல் போவது கருவிப் பிழைகள் எல்லாவற்றையும்விடப் பெரியது. எந்தப் பக்கம் திரும்புவார்கள், எங்கே நிற்க அனுமதி என்பதை நடத்துபவரிடமே கேட்டுவிடுங்கள். மணமக்களையே படம் எடுத்துக்கொண்டிராமல், முக்கியமான நொடியில் பெற்றோர் முகத்தையும் ஒருமுறை பாருங்கள். ஒவ்வொரு படத்தையும் எடுத்தவுடன் திரையைக் குனிந்து பார்க்கிற பழக்கம் இருந்தால் அடுத்த சிரிப்பு கைதவறிப் போகும்.

கைப்பேசியில் எடுக்கும் விருந்தினருக்கு மூன்றே வார்த்தை: துடையுங்கள், நெருங்குங்கள், மறைக்காதீர்கள். விரல் ரேகை படிந்த லென்ஸில் விளக்குகள் எல்லாம் மூட்டமாகப் பரவும். டிஜிட்டல் ஜூம் படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே. நடைபாதையில் நீட்டிய கை, தொழில்முறைக் கலைஞரின் படத்தில் நிரந்தரமாக நிற்கும்.

கார்டு நிறைகிறதே என்று விழாவின் நடுவே படங்களை அழிக்க உட்காராதீர்கள். அவசரத்தில் நல்லதும் சேர்ந்து போகும். கூடுதல் கார்டு வைத்திருங்கள். இரண்டு கார்டு போடும் வசதி இருந்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியட்டும். இரண்டு கேமராக்கள் இருந்தால் கடிகாரங்களை ஒன்றாக வையுங்கள், இல்லையேல் படங்களை வரிசைப்படுத்தவே ஒரு வாரம் போய்விடும். வீடு திரும்பியதும் வெவ்வேறு இரண்டு வட்டுகளில் நகலெடுத்து, கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே கார்டை அழியுங்கள்.