தம்பிக்கு முழு விடுதலை வாங்கிய விதம்
அடிதடி வழக்கில் தம்பியை விட்டுவிட்டார்கள் என்றுதான் வீட்டில் நம்பியிருந்தோம். வெளிநாட்டு வேலைக்காக மலேசிய வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவில் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டபோது பழைய வழக்கு தலைகாட்டியது. லாயர் அக்கா நீதிமன்றத் தாளை வாங்கிப் படித்தார். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 254ஆவது பிரிவின்படி வழக்கை நிறுத்தியிருக்கிறார்களே தவிர, முடிக்கவில்லை. அரசு தரப்பு நினைத்தால் மறுபடியும் குற்றம் சாட்டலாம். நீதிமன்றம் உத்தரவிட்டால்தான் முழு விடுதலை.

கோலாலம்பூர் ஜாலான் டூத்தா நீதிமன்றத்தில் மனு போட்டோம். இத்தனை வருடமாகியும் புது விசாரணை எதுவும் இல்லை, ஒரு பையன் தலையில் கத்தி தொங்கவிடுவது நியாயமா என்று அக்கா வாதாடினார். அரசு தரப்பு எதிர்க்கவில்லை. மாஜிஸ்திரேட் முழு விடுதலை கொடுத்தார். முத்திரை குத்திய நகலை அன்றே கேட்டு வாங்குங்கள். அதை இணைத்து, பதிவைத் திருத்தச் சொல்லிப் போலீசுக்குக் கடிதம் கொடுத்தோம். சான்றிதழ் வந்துவிட்டது. தண்டனை பெற்றவர்களுக்கு இந்த மனு உதவாது.