ஊட்டிக் குளிரில் புது காருக்கு வாக்ஸ்: கை சறுக்கும் இடங்கள்

காருக்கு வாக்ஸ் போடுவது எப்படி என்று தேடினால் வருகிற வீடியோக்கள் எல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன: வெயிலில் போடாதீர்கள், விடியற்காலையிலோ பொழுது சாய்ந்தோ போடுங்கள். சென்னைக்கும் மதுரைக்கும் அது சரி. அங்கே மதியம் பானெட்டைத் தொட்டால் கை சுடும். பூசின வாக்ஸ் பூசின இடத்திலேயே காய்ந்து பிடித்துக்கொள்ளும். அதே யோசனையை ஊட்டியிலும் குன்னூரிலும் அப்படியே கேட்டு நடந்தால் வேலை கெட்டது. இங்கே விடியற்காலையில் கார் முழுக்க வேர்த்து நிற்கும். சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் மேகம் இறங்கிவிடும். மலையில் பெயின்ட்டைப் பாழாக்குவது ஈரமும் குளிரும், அந்த ஈரத்தோடு ஒட்டிக்கொள்ளும் மண்ணும். தவறுகளில் பாதி, வாக்ஸ் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது.

பனியில் துடைக்கும் பழக்கம்

காலை ஆறரை மணிக்கு எந்த லாட்ஜ் வாசலிலும் பார்க்கலாம். கூரையிலிருந்து டிக்கி வரை பனித்துளி படர்ந்த கார். டிரைவர் மஞ்சள் துணியை உதறி எடுத்து, கூரையில் தொடங்கி பானெட் வரை வட்டம் வட்டமாகத் துடைப்பார். கேட்டால், “தண்ணி ஊத்தவே வேண்டாம் சார், பனியே கழுவி விட்டுருச்சு” என்பார். அந்தத் துணியைப் பிழிந்தால் டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர் வடியும். அவ்வளவும் முந்தின நாள் ரோட்டில் ஏறிய மண். அதைத்தான் அவர் கார் முழுக்கத் தேய்த்திருக்கிறார்.

இன்றைய காரின் பெயின்ட் ஒரே பூச்சு கிடையாது. தகட்டின்மேல் துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). அதில் கிளியர் கோட் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான் இருக்கும். ஒரு தலைமுடியின் தடிமன்கூட வராது. கண்ணைப் பறிக்கிற பளபளப்பு அந்த ஓர் அடுக்கில்தான் இருக்கிறது. ஈர மண்ணோடு துணி ஓடினால் விழும் கோடும் அதில்தான் விழும். மூடுபனி நாளில் ஒன்றும் தெரியாது. நல்ல வெயில் அடிக்கும்போதோ, இரவில் பெட்ரோல் பங்க் விளக்கடியில் நிறுத்தும்போதோ வட்டம் வட்டமாக மெல்லிய கோடுகள் எழுந்து வரும். கறுப்பு கார் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பனி விழுந்த காலையில் கண்ணாடியை மட்டும் வைப்பரால் தள்ளிவிட்டுக் கிளம்புங்கள். பாடியைத் துடைக்கவே வேண்டாம். மனசு கேட்காது என்றால், மேலிருந்து தாராளமாகத் தண்ணீர் விட்டு மண்ணை இறக்கிய பிறகு மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா பக்கம் உறைபனி பிடிக்கும்போது ஏ.டி.எம். கார்டால் கண்ணாடியைச் சுரண்டுகிறவர்கள், அதே கையோடு பானெட்டையும் ஒரு சுரண்டு சுரண்டிவிடுகிறார்கள். அதைவிட மோசம் வெந்நீர் ஊற்றுவது. கண்ணாடியே விரிசல் விடலாம். எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டால் கொஞ்ச நேரத்தில் பனி தானாக இளகிவிடும்.

கழுவுவதைப் பற்றிச் சுருக்கமாக: இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். கையில் மாட்டிக் கழுவும் துணிக் கையுறையை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்புவில் முக்க வேண்டும். மேலிருந்து கீழே வாருங்கள்; எஸ்டேட் ரோட்டுச் செம்மண் அப்பியிருக்கும் கதவின் அடிப்பகுதி கடைசி. பாத்திரம் விளக்கும் சோப்பு கண்டிப்பாக வேண்டாம், போட்ட வாக்ஸை அதுவே எடுத்துவிடும். போகிற வழியில் ஓடையைக் கண்டதும் வண்டியை இறக்கிக் கழுவுகிறவர்களும் உண்டு. பெயின்ட்டுக்கும் நல்லதல்ல, கீழே அந்தத் தண்ணீரைக் குடிக்கும் ஊருக்கும் நல்லதல்ல.

காட் ரோடும் கோயில் வாசலும்

நீலகிரிக்காரர்களில் பலர் கோவையில் டெலிவரி எடுத்து, அன்றைக்கே மேட்டுப்பாளையம் வழியாக 14 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்துவிடுகிறார்கள். “புது வண்டிதானே, சுத்தமாத்தான் இருக்கும்” என்று நினைத்து நேராக வாக்ஸ் போடுவது அடுத்த தவறு. மலைப்பாதையில் முன்னே இறங்குகிற லாரியும் பஸ்ஸும் மட்டுமல்ல, நம் காரும் பிரேக்கைத் தேய்த்துத் தேய்த்து இரும்புத் தூளைப் பறக்கவிடுகிறது. இரண்டாவது கியரில் இறங்காமல் பிரேக்கை மிதித்தே இறங்குகிறவர்களின் வீலைப் பார்த்தாலே தெரியும். சூடாகப் பறக்கும் அந்தத் தூள் பெயின்ட்டில் பதிந்துகொள்ளும். மலை ஈரத்தில் துருப்பிடித்து, வெள்ளை காரில் ஆரஞ்சுப் புள்ளிகளாகத் தெரியும். அதன்மேல் வாக்ஸ் போட்டால் துருவுக்கு மூடி போட்டதுதான் மிச்சம்.

கழுவிக் காய்ந்த பிறகு, ஒரு மெல்லிய பாலித்தீன் பையை விரலில் மாட்டிக்கொண்டு பானெட்டை மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்குத் தட்டுப்படாத சொரசொரப்பு பை வழியாகத் தெரியும். வழவழப்பாக இருந்தால் மேற்கொண்டு எதுவும் வேண்டாம். சொரசொரத்தால் முதலில் இரும்பு நீக்கி ஸ்பிரே. இரும்பு இருக்கும் இடத்தில் அது ஊதாவாக மாறி வழியும், நாற்றமும் குடலைப் பிடுங்கும். காயவிடாமல் அலசிவிட வேண்டும். அதற்குப் பிறகும் சொரசொரப்பு மிச்சமிருந்தால் மட்டும் கிளே பார், அதாவது பெயின்ட்டில் பதிந்த துகளை ஒட்டி இழுக்கும் களிமண் மாதிரியான கட்டி. குளிரில் கிளே கல்லாக இறுகிவிடும். இறுகிய கிளேயை வைத்து அழுத்தினால் அதுவே கோடு போடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பிசைந்து, ஷாம்புத் தண்ணீர் வழுக்கலில் மட்டும் ஓட்டுங்கள். கை தவறித் தரையில் விழுந்துவிட்டால் குப்பையில்தான் போட வேண்டும். மண் ஒட்டிய கிளேயைத் துடைத்துப் பயன்படுத்த முடியாது.

புது வண்டிக்கு மாரியம்மன் கோயிலிலோ பழனி அடிவாரத்திலோ பூஜை போடாமல் யாரும் ஓட்டமாட்டோம். போட வேண்டியதுதான். ஆனால் பானெட்டில் வைத்த சந்தனமும் குங்குமமும் தானாக உதிரட்டும் என்று வாரக்கணக்கில் விட்டுவைத்தால் வெளிர் நிற காரில் கறை தங்கிவிடும். காய்ந்த பொட்டை விரலால் தேய்த்து எடுப்பது அதைவிடத் தவறு. மறுநாளே தண்ணீர் விட்டு ஊறவைத்துக் கழுவிவிடுங்கள். மாலையைக் கட்டுகிற கம்பி பெயின்ட்டில் உரசாமல் பார்த்துக்கொள்வதும் நல்லது.

புதுப் பெயின்ட்டுக்கு எதற்குப் பாலிஷ்?

பாலிஷ், சீலன்ட், வாக்ஸ் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் பணமும் பெயின்ட்டும் அதிகம் போகிறது. பாலிஷில் மிக நுண்ணிய பொடி இருக்கிறது. அது கிளியர் கோட்டை மிக மெல்லிசாகச் சீவி எடுத்துவிட்டுக் கீறலை மறைக்கிறது. சீலன்ட்டும் வாக்ஸும் எதையும் எடுப்பதில்லை, மேலே படிகின்றன. சீலன்ட் செயற்கைப் பாலிமர். சில மாதங்கள் நிற்கும். கார்னௌபா வாக்ஸ் பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து வருவது, சில வாரங்கள்தான்.

வெள்ளைத் துணியால் பாலிஷ் போட்டுவிட்டு, “துணியில கலரே ஒட்டலை, பெயின்ட் போகலை” என்று திருப்திப்படுகிறவர்கள் உண்டு. கிளியர் கோட்டுக்கு நிறமே இல்லை. அது போனாலும் துணி வெள்ளையாகத்தான் இருக்கும்.

இதை மலைக்காரர்கள் இன்னும் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு 1000 மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. வெயில் உறைக்கவில்லை என்பதால் பெயின்ட்டுக்கும் உறைக்கவில்லை என்று அர்த்தமில்லை. அந்தக் கதிரைத் தாங்கும் ரசாயனம் கலந்திருப்பது கிளியர் கோட்டில். வருஷா வருஷம் பாலிஷ் போட்டு அதையே தேய்த்துவிட்டு, அதன்மேல் வாக்ஸ் தடவிப் பாதுகாப்பு என்று சொல்வதில் என்ன பொருள்?

என் கருத்து இதுதான்: புது காருக்குப் பாலிஷ் வேண்டாம். டெலிவரிக்கு முன் கழுவித் துடைத்ததில் கோடு விழுந்திருந்து, அது கண்ணை உறுத்தினால் மட்டும், அந்த இடத்துக்கு மட்டும், இருப்பதிலேயே மென்மையான ஃபினிஷிங் பாலிஷ். ரப்பிங் காம்பவுண்ட் என்கிற சொரசொரப்பான பாலிஷை வாங்கிக் கையால் தேய்ப்பது பெருந்தவறு. கையின் அழுத்தம் மெஷின்போல ஒரே சீராக இருக்காது. கோடு போகும், பதிலுக்கு மங்கல் வரும். கண்ணுக்குப் படாத ஒரு மூலையில் போட்டுப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் கார் என்றால் பாலிஷும் வேண்டாம், சாதாரண வாக்ஸும் வேண்டாம்.

பில்லோடு சேர்த்து விற்கப்படும் ‘டெஃப்லான் கோட்டிங்’ பற்றியும் ஒரு வார்த்தை. டெஃப்லான் உருகுவது 327 டிகிரியில். அந்தச் சூட்டைக் கார் பெயின்ட் தாங்காது. தோசைக்கல்லில் பிடிக்கிற மாதிரி அது காரில் பிடிக்கப் போவதில்லை. அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு சீலன்ட்தான். இன்னொரு நம்பிக்கை, புது காருக்கு ஆறு மாதம் வாக்ஸ் போடக்கூடாது என்பது. கம்பெனியில் பெயின்ட்டைச் சுமார் 140 டிகிரியில் சுட்டு எடுக்கிறார்கள். வாங்கிய மறுநாளே போடலாம். இடித்து ஒர்க்‌ஷாப்பில் மறுபெயின்ட் அடித்த பாகத்துக்குத்தான் ஒன்று முதல் மூன்று மாதம் பொறுக்க வேண்டும்.

மேகம் விலகும் அந்தச் சில மணி நேரம்

வாக்ஸ் போட மலையில் நல்ல நேரம் காலை பத்து மணியிலிருந்து மதியம் இரண்டுவரை. பனி முழுக்க வற்றி, தகடு தொட்டால் சில்லென்று இல்லாமல் இருக்க வேண்டும். வெயில் நேராக அடித்தால் நிழலுக்கு மாற்றுங்கள், போர்ட்டிகோ போதும். புறங்கையைக் கதவில் வைத்து எடுங்கள். வைத்த இடத்தில் மங்கலாக ஈரம் தெரிந்தால் தகடு இன்னும் குளிர்ந்திருக்கிறது. அந்த நிலையில் பூசினால் வாக்ஸுக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் ஈரம் மாட்டிக்கொள்ளும். எவ்வளவு துடைத்தாலும் திட்டுத் திட்டாக நிற்கும். பக்கக் கண்ணாடி, கதவு கைப்பிடி, நம்பர் பிளேட் இடுக்குகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். கழுவியதும் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து தொடங்கினால் அந்தத் தொல்லை இல்லை.

பேஸ்ட் வாக்ஸ் குளிரில் இறுகிப்போகும். அதை அடுப்பருகே வைத்து உருக்காதீர்கள்; அதில் எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பான் உண்டு. முந்தின இரவே வீட்டுக்குள் எடுத்து வைத்தால் போதும். ஒரு முறைக்கு இரண்டடிக்கு இரண்டடி இடம், சுண்டைக்காய் அளவு வாக்ஸ், பெயின்ட் தெரிகிற அளவுக்கு மெல்லிய பூச்சு. தடிமனாக அப்பினால் பளபளப்பு கூடாது, துடைக்கிற வேலைதான் கூடும். வீடியோவில் சொல்கிற ஐந்து நிமிஷக் கணக்கும் இங்கே செல்லாது. விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள்: சுத்தமாக வந்தால் துடைக்கலாம், பிசுபிசுத்தால் காத்திருங்கள். நடுவில் மேகம் இறங்கிவிட்டால் பூசினவரைக்கும் துடைத்துவிட்டு, மிச்சத்தை இன்னொரு நாளைக்கு வையுங்கள்.

சீலன்ட், வாக்ஸ் இரண்டும் போடுவதானால் சீலன்ட் அடியில், வாக்ஸ் மேலே. மாற்றிப் போட்டால் சீலன்ட் எண்ணெய்ப் படலத்தின்மேல் உட்கார்ந்து, பிடிப்பில்லாமல் போய்விடும். சீலன்ட் இறுக 12 முதல் 24 மணி நேரம் ஈரமில்லாமல் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. மலையில் சிக்கலே இதுதான்: மதியம் போட்டதன்மேல் ராத்திரி பனி விழும். ஷெட் இருப்பவர்களுக்குக் கவலையில்லை. திறந்த வெளியில் நிறுத்துகிறவர்கள் நல்ல சாதாரண வாக்ஸோடு நிறுத்திக்கொள்ளலாம், அல்லது சீலன்ட் போடும் அந்த ஓர் இரவுக்கு யாருடைய ஷெட்டையாவது கேட்டு வாங்கலாம்.

பனிக்குப் பயந்து, ஈரக் காரின்மேல் கவர் போடுவதும் கூடாது. உள்ளே ஈரம் புழுங்கும். காற்று வீசினால் கவரின் அடியில் மாட்டிய மண் ராத்திரி முழுக்க பெயின்ட்டை உரசும். கார் கழுவிக் காய்ந்திருந்தால் மட்டும் கவர். காட்டுமாடு வந்து முதுகு சொரிந்துவிட்டுப் போனால் என்ன செய்வது என்று கோத்தகிரிப் பக்கம் கேட்பார்கள். அதற்கு இன்ஷூரன்ஸ்தான்.

பைன், சைப்ரஸ் மரத்தடியில் நிறுத்தினால் பிசின் சொட்டும். நகத்தால் கிள்ளாதீர்கள். ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கும் நீலகிரித் தைலம் அதை நன்றாகக் கரைக்கும். பஞ்சில் தொட்டு பிசின்மேல் மட்டும் ஒற்றி, இளகியதும் துடைத்து, உடனே ஷாம்பு போட்டுக் கழுவிவிட வேண்டும். பிளாஸ்டிக், ரப்பர்மேல் படக்கூடாது. அந்த இடத்து வாக்ஸும் சேர்ந்து போய்விடும், திரும்பப் பூச வேண்டியிருக்கும். பம்பர் ஓரத்துக் கறுப்பு பிளாஸ்டிக்கில் வாக்ஸ் பட்டு வெள்ளையாகக் காய்ந்துவிட்டால், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரப்பரால் தேய்த்துப் பாருங்கள், பெரும்பாலும் போய்விடும். முன்னாடியே மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டால் அந்த வேலையும் இல்லை.

அடுத்த முறை எப்போது என்பதற்குக் காலண்டரைவிட பானெட்தான் சரியான பதில் சொல்லும். கழுவிய காரில் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் சோம்பலாகப் பரவினால் வாக்ஸ் போய்விட்டது. மழைக்கு முன் ஒரு கை போட்டுவிடுவது நல்லது. ஆனால் மலை முழுக்க மழை ஒரே மாதத்தில் வருவதில்லை. கூடலூருக்கும் ஊட்டியின் மேற்குப் பக்கத்துக்கும் தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கும். அங்கே மே மாதம் முடிவதற்குள் போட வேண்டும். குன்னூர், கோத்தகிரிக்குப் பெரிய மழை அக்டோபர், நவம்பரில். செப்டம்பரில் வானம் வெறிக்கிற நாளாகப் பார்த்துப் போடலாம். கொடைக்கானலில் இருப்பவர்களுக்கும் கோத்தகிரிக் கணக்கே பொருந்தும்.