பி.எஸ்.பி.க்கு கஸ்டம் ஃபர்ம்வேர்: தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவியான பி.எஸ்.பி. (பிளேஸ்டேஷன் போர்ட்டபிள்) பழையது ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "புரோ நல்லதா, எல்.எம்.இ. நல்லதா, ஆர்க் நல்லதா?" என்பது. இவை மூன்றும் கஸ்டம் ஃபர்ம்வேர்கள், அதாவது சோனியின் அடிப்படை மென்பொருளை மாற்றி ஆர்வலர்கள் உருவாக்கியவை. இவற்றின் வசதிகளை மட்டும் வரிசைப்படுத்திப் பார்த்தால் விடை கிடைக்காது. எல்லாவற்றிலும் விளையாட்டு வட்டின் நகல்களான ஐ.எஸ்.ஓ. கோப்புகள் ஓடும், ஆர்வலர்கள் எழுதிய ஹோம்புரூ செயலிகள் ஓடும், பிளகின் என்ற கூடுதல் நிரல்களைச் சேர்க்கலாம், முகப்புத் திரையில் செலக்ட் பொத்தானை அழுத்தினால் ஒரு சிறிய பட்டியல் வரும். உண்மையான வேறுபாடு வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. கருவியைப் போடும்போது அந்த ஃபர்ம்வேர் எப்படி உள்ளே வருகிறது என்பது ஒன்று. ஏதேனும் கெட்டுப்போனால் எந்த வழியாகப் பழைய நிலைக்குத் திரும்பலாம் என்பது மற்றொன்று. இவற்றை முதலில் கேட்டுக்கொண்டவர்கள் கருவியை இழந்ததை நான் அநேகமாகப் பார்த்ததில்லை. வசதிப் பட்டியலை மட்டும் பார்த்து இறங்கியவர்கள்தான் இயங்காத கருவியுடன் நிற்கிறார்கள்.

மாடலைப் பார்க்காமல் வழிகாட்டியைப் பின்பற்றுவது

2004 டிசம்பரில் ஜப்பானில் வந்த முதல் கருவி 1000 வரிசை. 2007-இல் மெலிந்த 2000, 2008-இல் 3000, 2009-இல் யு.எம்.டி. என்ற விளையாட்டு வட்டே இல்லாத பி.எஸ்.பி. கோ, 2011-இல் வைஃபை நீக்கப்பட்ட இ-1000. வெளியே ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே இவை ஒரே கருவி அல்ல. 1000-இல் 32 எம்.பி. நினைவகம், பின்வந்தவற்றில் 64 எம்.பி. அதைவிட முக்கியமானது, கருவி உயிர்பெறும் முதல் நொடியில் ஓடும் நிரலைச் சரிபார்க்கும் முறை மாறியது.

2007-இல் பண்டோரா பேட்டரி வந்தது. பேட்டரியின் உள்ளே இருக்கும் வரிசை எண்ணை மாற்றிவிட்டால் கருவி பழுதுபார்க்கும் நிலையில் எழும்பி, தயார் செய்யப்பட்ட மெமரி ஸ்டிக்கிலிருந்து இயங்கத் தொடங்கும். 1000 மாடலுக்கும் தொடக்ககால 2000 மாடலுக்கும் இது பெரிய காப்பு. ஃபர்ம்வேரை எவ்வளவு கெடுத்தாலும் திரும்ப எழுதிவிடலாம். ஆனால் 2000-இலேயே பிற்காலத்தில் வந்த டி.ஏ.-088 மூன்றாம் பதிப்பு என்ற மின்சுற்றுப் பலகையில் (போர்டு) சோனி இந்த வாசலை அடைத்துவிட்டது. 3000 முழுவதிலும் அப்படித்தான். ஆகவே "என்னிடம் 2000 இருக்கிறது" என்று சொல்வது போதாது. எந்த போர்டு என்பதும் தெரிய வேண்டும். பின்புறச் சீட்டைப் பார்த்து இதை அறிய முடியாது. பி.எஸ்.பி. ஐடென்ட் என்ற சிறிய ஹோம்புரூ செயலி போர்டின் பெயரைத் திரையில் காட்டிவிடும். எதையும் நிரந்தரமாக எழுதுவதற்கு முன் அதை ஓட்டிப் பார்ப்பது என் கணக்கில் கட்டாயம்.

புரோவுடன் வந்த நிரந்தரமாக்கும் கருவி, இயக்கத்தின் முதல் நிரலான ஐ.பி.எல். பகுதியையே மாற்றி எழுதுகிறது. அது 1000-க்கும் பழைய போர்டு கொண்ட 2000-க்கும் எழுதப்பட்டது. எந்த ஃபர்ம்வேர் பதிப்புக்கு எழுதப்பட்டதோ அந்தப் பதிப்பில் மட்டுமே அதை ஓட்ட வேண்டும். 6.60-க்கானதை 6.61-இல் ஓட்டுவது, பொருந்தாத மாடலில் ஓட்டுவது இரண்டும் கருவியை அடியோடு இயங்காத 'பிரிக்' ஆக்கும் நேர் வழிகள். எச்சரிக்கைத் திரை வரும்போது படிக்காமல் பொத்தானை அழுத்துகிறவர்கள் ஏராளம்.

தற்காலிகமானதை நிரந்தரம் என்று எண்ணுவது

இதுவே மிகப் பரவலான தவறு. இதனால் கருவிக்கு ஆபத்தில்லை, ஆனால் மக்கள் வீணாக இழப்பது நிறைய. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2010-ஆம் ஆண்டு முடிந்து 2011 தொடங்கியபோது பிளேஸ்டேஷன் 3-இன் பாதுகாப்பு உடைந்தது. அதன் உள்ளே பி.எஸ்.பி. நிரல்களுக்குக் கையொப்பமிடும் சாவிகளும் இருந்தன. அதன்பிறகு அதிகாரபூர்வ ஃபர்ம்வேரிலேயே ஓடும் வகையில் ஹோம்புரூவுக்குக் கையொப்பமிட முடிந்தது. இன்று 3000 மாடலில் ஒரு கோப்புறையை மெமரி ஸ்டிக்கில் போட்டு, கேம் பகுதிக்குச் சென்று, எக்ஸ் பொத்தானை அழுத்தினால் கஸ்டம் ஃபர்ம்வேர் வந்துவிடுவது இதனால்தான். ஆனால் அப்படி வருவது நினைவகத்தில் மட்டும் நிற்கிறது. மின்விசையை ஒரு முறை லேசாகத் தள்ளினால் கருவி உறங்கும், ஃபர்ம்வேர் அப்படியே இருக்கும். விசையைப் பிடித்து வைத்து முழுவதும் அணைத்தாலோ, பேட்டரியைக் கழற்றினாலோ, சார்ஜ் தீர்ந்தாலோ அது போய்விடும்.

அடுத்த முறை கருவியைப் போடும்போது ஐ.எஸ்.ஓ. விளையாட்டுகள் எதுவும் பட்டியலில் தெரியாது. ஹோம்புரூ செயலிகள் 80020148 என்ற பிழையைக் காட்டி நின்றுவிடும், அல்லது சேதமடைந்த தரவு என்ற பெயரில் கிடக்கும். பார்ப்பவர் மனம் பதறுகிறது. மெமரி ஸ்டிக் கெட்டுவிட்டது என்று முடிவு செய்கிறார். ஃபார்மட் செய்கிறார். பல ஆண்டு விளையாட்டின் சேமிப்புகள் அத்தோடு அழிகின்றன. உண்மையில் எதுவுமே கெடவில்லை. புரோ தரும் ஃபாஸ்ட் ரெக்கவரி என்ற சின்னத்தையோ, எல்.எம்.இ. தரும் லாஞ்சரையோ, ஆர்க் தரும் லோடரையோ ஒருமுறை ஓட்டினால் அனைத்தும் பழையபடி தெரியும். சில நொடிகள்தான் ஆகும்.

இந்தச் சில நொடிகளை மிச்சப்படுத்தத்தான் நிரந்தர வழிகள் வந்தன. டேவீ என்பவர் எழுதிய இன்ஃபினிட்டி, பண்டோராவுக்குக் கட்டுப்படாத பிற்கால மாடல்களிலும் கருவி எழும்போதே கஸ்டம் ஃபர்ம்வேரை ஏற்ற வழி செய்தது. அது தானே ஒரு கஸ்டம் ஃபர்ம்வேர் அல்ல. புரோவையோ, எல்.எம்.இ. சேர்ந்த எம்.இ. வகையையோ தொடக்கத்தில் ஏற்றித் தரும் வாகனம். இன்ஃபினிட்டியையும் எல்.எம்.இ.யையும் எதிரெதிரே வைத்து எது நல்லது என்று ஒப்பிடுவது பொருளற்றது.

3000 வைத்திருப்பவர்கள் நிரந்தரமாக்க வேண்டுமா? அவசரம் வேண்டாம் என்பது என் திடமான கருத்து. தற்காலிக முறையில் கருவியின் உள் நினைவகத்தின் தொடக்கப் பகுதி தொடப்படுவதில்லை. கஸ்டம் ஃபர்ம்வேரில் கோளாறு நேர்ந்தாலும் முழுவதும் அணைத்துப் போட்டால் சோனியின் மென்பொருள் எழும். பண்டோரா வழி அடைக்கப்பட்ட கருவியில் இது விலைமதிப்பற்ற பாதுகாப்பு. தினமும் எடுத்து விளையாடுபவராக இருந்தால், பேட்டரி நன்றாக இருந்தால், சில மாதம் தற்காலிகமாக ஓட்டிப் பார்த்துவிட்டு நிரந்தரத்துக்குப் போகலாம்.

பதிப்பு எண்களை ஒப்பிடுவது

6.61 என்பது சோனியின் எண். 2011-இல் 6.60 வந்தது, 2015-இல் கடைசியாக 6.61 வந்தது. கஸ்டம் ஃபர்ம்வேர் அதன்மேல் உட்காரும் அடுக்கு. புரோ சி2, எல்.எம்.இ. 2.3, ஆர்க்-4 ஆகிய எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட எந்த அளவுகோலும் இல்லை. அவை தனித்தனிக் குழுக்கள் தங்கள் வேலைக்கு இட்டுக்கொண்டவை. 6.60-இல் நன்றாக ஓடும் கருவியை 6.61-க்கு ஏற்றினால் விளையாட்டுகளில் வேறுபாடு தெரியாது. நீங்கள் பின்பற்றப்போகும் நிரந்தர முறை எந்த எண்ணைக் கேட்கிறது என்பதற்காக மட்டுமே இதைப் பார்க்க வேண்டும்.

ஆனால் 5.00 எம்33 என்ற பழைய கஸ்டம் ஃபர்ம்வேரில் இன்னும் நிற்கும் கருவியை மாற்றத்தான் வேண்டும். டார்க் அலெக்ஸ் குழுவின் எம்33 ஒருகாலத்தில் பொற்காலம் படைத்தது. ஆயினும் பிற்காலத்தில் வந்த விளையாட்டுகள் 6-இல் தொடங்கும் பதிப்புகளின் சாவிகளை எதிர்பார்க்கின்றன. 5.00-இல் அவை அப்படியே ஓடுவதில்லை, ஒவ்வொன்றுக்கும் தனியே மாற்றப்பட்ட கோப்பு தேட வேண்டியிருக்கும். பழகிவிட்டது என்பதற்காக அதையே பிடித்துக்கொண்டிருப்பது வருத்தத்துக்குரியது.

பிறகு எதைத்தான் எடுப்பது?

இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு என் பரிந்துரை ஆர்க்-4. காரணம் எளிது. புரோவின் வழியில் வந்தது, மூலநிரல் திறந்திருக்கிறது, மற்றவற்றின் வளர்ச்சி நின்றுபோன பிறகும் அதற்கு வேலை நடந்தது. முதலில் பிளேஸ்டேஷன் வீட்டாவின் உள்ளே இருக்கும் பி.எஸ்.பி. பகுதிக்காகப் பிறந்த ஆர்க், இப்போது எல்லா பி.எஸ்.பி. மாடல்களிலும் ஓடுகிறது. 6.60, 6.61 இரண்டையும் ஏற்கிறது.

எல்.எம்.இ. பழையது, நிலையானது. ஏற்கெனவே அதில் எல்லாம் நன்றாக ஓடுகிறது என்றால் மாறவேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. ஒரு விளையாட்டு மட்டும் முரண்டு பிடிக்கிறது என்பதற்காக ஃபர்ம்வேரையே மாற்றுவது பலர் செய்யும் தவறு. புரோவிலும் எம்.இ. வகையிலும் ஐ.எஸ்.ஓ. கோப்பை வாசிக்கும் டிரைவரைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. முதலில் அதை மாற்றிப் பாருங்கள். சி.எஸ்.ஓ.வாக அதிகம் சுருக்கப்பட்ட கோப்பு தடுமாறுகிறதா என்று சுருக்காத கோப்பை வைத்துப் பாருங்கள். கூடுதல் நினைவகத்தைக் கட்டாயமாகத் தரும் அமைப்பு இயக்கத்தில் இருந்தால் அணைத்துவிடுங்கள். 64 எம்.பி.யை எதிர்பாராமல் எழுதப்பட்ட சில விளையாட்டுகள் அதனால் நின்றுவிடும்.

மாறுவதாக முடிவு செய்தால், ஒன்றின்மேல் இன்னொன்றை எழுதாதீர்கள். அதிகாரபூர்வ 6.61-க்குத் திரும்பி, சுத்தமான நிலையில் புதியதை ஏற்றுவதே சரி. எல்.எம்.இ.யின் துண்டுகள் உள்நினைவகத்தில் கிடக்க, மேலே வேறொன்று அமர்ந்தால், பிழை எங்கிருந்து வருகிறது என்பதை யாராலும் சொல்ல முடியாது.

பிளகின் பாதைகள்

பிளகின் சேர்க்கும் எழுத்துமுறை ஒவ்வொன்றிலும் வேறு. புரோவும் எம்.இ. வகையும் முகப்புத் திரைக்கு ஒன்று, விளையாட்டுகளுக்கு ஒன்று, பழைய பிளேஸ்டேஷன் விளையாட்டுகளுக்கு ஒன்று என மூன்று தனி உரைக்கோப்புகளைப் பார்க்கும். வரியின் இறுதியில் 1 என்று எழுதினால் பிளகின் இயங்கும். ஆர்க்-4 ஒரே கோப்பில், காற்புள்ளிகளால் பிரித்த வரிகளை எதிர்பார்க்கிறது. ஒன்றுக்கு எழுதியதை மற்றொன்றில் ஒட்டிவிட்டு "ஆர்க்கில் பிளகின் வேலை செய்யவில்லை" என்று சொல்வது நியாயமில்லை. பி.எஸ்.பி. கோ வைத்திருப்பவர்கள் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் 16 ஜி.பி. உள்சேமிப்பு இ.எஃப்.0 என்ற பெயரில் தொடங்கும், மெமரி ஸ்டிக் எம்.எஸ்.0. மற்ற மாடல்களுக்கு எழுதிய வழிகாட்டிகளில் எம்.எஸ்.0 மட்டுமே இருக்கும்.

ஒரே நேரத்தில் பல பிளகின்களைச் சேர்க்காதீர்கள். ஒன்று சேர்த்து, கருவியைப் போட்டுப் பார்த்து, அடுத்ததைச் சேருங்கள். முகப்புத் திரை கறுத்துப்போனால், ஆர் பொத்தானைப் பிடித்தபடி கருவியைப் போட்டு மீட்புப் பட்டியலுக்குள் சென்று பிளகினை அணைக்கலாம். அதுவும் முடியாவிட்டால் மெமரி ஸ்டிக்கை உருவிவிட்டுப் போடுங்கள். பிளகின்கள் அதிலிருந்துதான் வாசிக்கப்படுகின்றன.

தோற்றத்தை மாற்ற உள்நினைவகத்தின் படக்கோப்புகளையே மாற்றி எழுதும் பழைய முறை இப்போது தேவையில்லை. பதிப்பு பொருந்தாத ஒரு கோப்பு முகப்புத் திரையையே எழவிடாமல் செய்துவிடும். மெமரி ஸ்டிக்கிலிருந்து தோற்றத்தை ஏற்றும் பிளகின் இருக்கும்போது அந்த ஆபத்து எதற்கு?

ஃபர்ம்வேர்மேல் விழும் வீண் பழி

விளையாட்டு நடுவில் உறைகிறது, சேமிப்பு அழிகிறது, ஏற்றம் தாமதமாகிறது என்று சொல்லி ஃபர்ம்வேரை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் முதலில் மெமரி ஸ்டிக்கைச் சோதிக்க வேண்டும். போலி மெமரி ஸ்டிக்குகள் இந்தக் கருவிக்கு வந்த பெரும் நோய். கொள்ளளவு 32 ஜி.பி. என்று காட்டிவிட்டு உள்ளே அதில் ஒரு சிறு பகுதிதான் இருக்கும். கணினியில் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதிக்கும் நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. நல்ல நிறுவனத்தின் மைக்ரோ எஸ்.டி. அட்டையை மெமரி ஸ்டிக் வடிவ மாற்றியில் (அடாப்டர்) போட்டு, கருவியிலேயே ஃபார்மட் செய்து பயன்படுத்துவது இன்று பாதுகாப்பான வழி. 64 ஜி.பி. அட்டைகள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் முறையில் விற்கப்படுகின்றன, பி.எஸ்.பி. அதை வாசிக்காது. இரண்டு அட்டை போடும் மாற்றி தரவை இரண்டிலும் பிரித்து எழுதுகிறது. ஓர் அட்டை கெட்டாலும் அனைத்தும் போகும்.

பேட்டரியும் அப்படித்தான். வீங்கிய பேட்டரியை வைத்துக்கொண்டு உள்நினைவகத்தில் எழுதும் வேலையைத் தொடங்காதீர்கள். புதிய பேட்டரி வாங்கி, முழுவதும் சார்ஜ் ஏற்றி, மின்கம்பியையும் செருகி வைத்துக்கொண்டே எழுத வேண்டும். எழுதும் நடுவில் மின்சாரம் நின்றால் 3000-ஐ எழுப்புவது மிகக் கடினமான வேலை.

நிரந்தரமாக்கும் முன் உள்நினைவகத்தின் முழு நகலை எடுத்து, கணினியில் கருவியின் பெயரோடு சேர்த்து வையுங்கள். இந்த நகலை நண்பரின் கருவியிலிருந்து கடன் வாங்க முடியாது. ஒவ்வொரு பி.எஸ்.பி.யின் உள்ளும் அதற்கே உரிய அடையாளத் தரவு இருக்கிறது, அடுத்த கருவியின் நகலை எழுதினால் அந்தத் தரவும் சேர்ந்து அழியும். கருவியை விற்றாலும் அந்த நகலை வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.