சித்தப்பாவின் பையை வாங்காதீர்கள்: கூட்டமாக மலையேற வருபவர்களுக்கு

டிசம்பர் பிறந்தால் போதும், உறைபனி பார்க்க ஊட்டிக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். தலைக்குந்தாவில் புல்வெளி வெளுத்துக் கிடப்பதைப் படம் எடுத்ததும், "இவ்வளவு தூரம் வந்தாச்சு, அப்படியே ஒரு மலையும் ஏறிடலாம்" என்று யாராவது ஒருவர் கிளப்பிவிடுவார். தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம்தான், ஆனால் உச்சிவரை வண்டி போகும் என்பதால் இவர்கள் கணக்கில் அது மலையே இல்லை. அவலாஞ்சியிலிருந்து கோலாரிபெட்டா, கோத்தகிரிப் பக்கம் ரங்கசாமி மலை என்று தேடிப் போவார்கள். அப்படி வருகிற கூட்டங்களோடு நானும் அடிக்கடி போகிறேன். இளவயதில் எங்கள் செட்டு அடித்த அதே கூத்துகளை இவர்களும் வரிசை மாறாமல் அடிக்கிறார்கள். நல்ல ஷூ போடுங்கள், குப்பை போடாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

இ-பாஸ் இருக்கிறதே என்று காட்டுக்குள் நுழைவது

2024 மே 7 முதல் நீலகிரிக்கு வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். அது வண்டிக்கு. மலையேறுவதற்கு வனத்துறை அனுமதி தனி. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் மாட்டி இறந்த பிறகு விதிகள் இறுகிவிட்டன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற இணையதளத்தைத் தொடங்கினார்கள். அதில் பதிவு செய்தால் வழிகாட்டியும் உண்டு. காட்டுத்தீப் பருவத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள், அப்போது எவ்வளவு கெஞ்சினாலும் நடக்காது. "உள்ளூர்ல ஒருத்தரைத் தெரியும், அவர் பார்த்துக்குவார்" என்று வருபவர்களோடு நான் போவதில்லை.

வாந்தி வந்தால் ஆக்சிஜனைக் குறை சொல்வது

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். வெறும் வயிற்றில், அல்லது வயிறு முட்டத் தின்றுவிட்டு, வேனின் கடைசி சீட்டில் போனைப் பார்த்துக்கொண்டே வந்தால் யாருக்கும் குமட்டும். நம் மலைகளின் உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு அளவுக்கு இருக்கும். ஏறும்போது மூச்சு வாங்கும், தூக்கம் கொஞ்சம் கெடலாம். எவரெஸ்ட் ஏறுபவர்களுக்கு வருகிற உயர நோய் இங்கே வருவது அபூர்வம். கற்பூரத்தை முகர்ந்துகொண்டே நடப்பதைவிட மெதுவாக நடப்பது மேல்.

உறைபனிக் காலையில் ஒரே ஒரு ஜோடி சாக்ஸோடு வருவது

இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கிவிடும். அதனால்தான் மேட்டைவிடப் பள்ளத்துப் புல்லில் உறைபனி அதிகம். ஏறத் தொடங்குகிற இடம் பெரும்பாலும் அந்தப் பள்ளம்தான். வெயில் பட்டதும் அத்தனையும் உருகி ஷூவுக்குள் போகும். முதல் மணி நேரத்திலேயே கால் ஊறிவிட்டால் இறங்கும்போது கொப்புளம் நிச்சயம். பாதி ஏறியதும் சாக்ஸை மாற்றுங்கள்.

ஜீன்ஸ்

வேண்டாம். நனைந்தால் சாயங்காலம்வரை காயாது.

பெரியவரின் பையை வாங்கிக்கொண்டு முன்னால் போவது

இதற்குத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

திருப்பூரிலிருந்து ஒரு குடும்பக் கூட்டம் வந்தது. அண்ணன் தம்பி பிள்ளைகள், அவர்களின் நண்பர்கள், கூடவே ஐம்பதைத் தாண்டிய ஒரு சித்தப்பா. எந்த மலை என்பது வேண்டாம். ஏறத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. உடனே ஒரு பையன் ஓடி வந்து, "பையைக் குடுங்க சித்தப்பா, நான் தூக்கிக்கறேன்" என்று வாங்கிக்கொண்டான். எல்லோரும் அவனைப் பாராட்டினார்கள். அவன்தான் கூட்டத்திலேயே வேகமாக நடக்கிறவன். பத்து நிமிடத்தில் சித்தப்பாவின் தண்ணீர், ஸ்வெட்டர், பிரஷர் மாத்திரை எல்லாம் அடுத்த மேட்டைத் தாண்டிப் போய்விட்டன.

அப்புறம் நடந்தது எல்லாக் கூட்டத்திலும் நடப்பதுதான். முன்னால் போனவர்கள் ஒரு பாறையில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். பின்னால் வருபவர் வந்து சேர்ந்ததும், "வந்துட்டாரு, கிளம்பலாம்" என்று எழுந்துவிடுவார்கள். அவர்கள் கால் மணி நேரம் ஓய்வெடுத்திருப்பார்கள். அவருக்குக் கிடைத்தது அரை நிமிடம். இப்படி நான்கு இடத்தில் நடந்தால், யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவர்தான் ஓய்வே இல்லாமல் மலை ஏறியிருப்பார். இதைக் கண்ணெதிரே எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் குறைவதில்லை.

நாலாவது இடத்தில் சித்தப்பா, "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்" என்றார். இந்த வார்த்தையைக் கேட்டால் மொத்தக் கூட்டமும் அங்கேயே நிற்க வேண்டும். அவர் சொல்வது பெருந்தன்மை இல்லை, முடியவில்லை என்பதைக் கௌரவமாகச் சொல்கிறார். கூட்டத்தில் ஒருவரை அவரோடு இருக்கச் சொன்னார் வழிகாட்டி. ஒரு தம்பி தலையாட்டினான். கூட்டம் நகர்ந்து கொஞ்ச நேரத்தில் அவனும் பின்னாலேயே ஓடி வந்துவிட்டான், உச்சியில் எல்லோரும் சேர்ந்து எடுக்கிற போட்டோவில் தான் மட்டும் இல்லாமல் போய்விடுமே என்று. இது எங்களுக்கு மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

மதியத்துக்குள் மூட்டம் இறங்கிவிட்டது. வியர்வையில் நனைந்த சட்டையோடு உட்கார்ந்திருந்தவருக்குக் குளிர் தாங்கவில்லை. ஸ்வெட்டர் பையில், பை மேலே. இறங்கி நடந்தால் உடம்பு சூடாகும் என்று எழுந்தார். நினைத்ததில் தப்பே இல்லை. ஆனால் நம் புல்வெளிகளில் மாடு, காட்டெருமை நடந்த தடமும் மனிதர் நடந்த தடமும் ஒரே மாதிரி இருக்கும். மூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அவர் பிடித்த தடம் சோலைக்குள் இறங்கி ஓடையில் போய் முடிந்தது. வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. வழிகாட்டி விசில் அடித்து அடித்து, அவர் குரல் கேட்டுக் கண்டுபிடித்தபோது வெளிச்சம் போகிற நேரம். நான்கு பேர் மாற்றி மாற்றித் தூக்கி வந்தோம். கோயம்புத்தூரில் அறுவை சிகிச்சை, கம்பி, மாதக்கணக்கில் கடைக்குப் போக முடியாத நஷ்டம். பையை வாங்கிய பையன் வேன் ஓரத்தில் உட்கார்ந்து அழுதான். அவனைத் திட்ட யாருக்கும் மனசு வரவில்லை.

பாரத்தைக் குறைக்க வேண்டுமா? கேமரா, தீனிப் பொட்டலங்களை வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர், குளிருக்கான துணி, மாத்திரை, விசில் நான்கும் அவரவர் உடம்போடு இருக்கட்டும். மெதுவாக நடக்கிறவரை வழிகாட்டிக்கு அடுத்த ஆளாக முன்னால் விடுங்கள், வேகக்காரர்களுக்கு அலுப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும். நடையில் நிதானமான ஒருவரைக் கடைசி ஆளாக வையுங்கள், அவர் யாரையும் முந்தக் கூடாது. கடைசி ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஓய்வு நேரம் தொடங்குகிறது. ஒருவரால் முடியவில்லை என்றால் அவரோடு இருவர் இறங்க வேண்டும். அந்த இருவர் யார் என்பதைக் கீழேயே பேசி முடித்துவிடுங்கள், மேலே போனதும் யாருக்கும் மனசு வராது.

ஸ்பீக்கர்

காட்டெருமைக்கு உங்கள் பாட்டு பிடிக்காது. எனக்கும்தான்.

உச்சியில் பிரியாணி என்று திட்டமிடுவது

உச்சிக்குப் போவதற்குள் மூட்டம் வரும், பசியில் ஆளுக்கொரு கோபம் வரும். வழியிலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்.

இறங்கியதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது

மிச்சமிருப்பது மலைப்பாதை. நாள் முழுக்க உங்களோடு மலை ஏறி இறங்கிய நண்பனையே ஸ்டியரிங்கில் உட்காரவைக்காதீர்கள். மலை ஏறாத ஒரு டிரைவர் வேண்டும். ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ, இறங்கும்போதும் அதே கியர். நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று இன்னமும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்து, சூடேறிப் புகை கிளம்பி, பர்லியாறில் வண்டியை ஓரங்கட்டி நிற்பவர்களில் பாதிப்பேர் அவர்கள்தான்.

மைசூருக்குப் போகிறவர்கள் 36 கொண்டை ஊசி வளைவு கொண்ட கல்லட்டி பாதையில் மசினகுடிக்கு இறங்கலாம் என்று கிளம்பாதீர்கள். வெளியூர் வண்டிகளை அதில் இறங்க விடுவதில்லை. போனில் மேப் அந்த வழியைத்தான் காட்டும். சாவடியில் திருப்பி அனுப்பினால் கூடலூர் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும், முதுமலையில் இரவு கேட்டை மூடுவதற்குள்.