பிரான்ஸிலிருந்து வரும் ப்ளூ-ரே: எந்த ஆடியோவைக் கேட்பது?

புதுச்சேரியில் பாரிஸில் சொந்தக்காரர் இல்லாத தெரு குறைவு. லீவுக்கு வருபவரிடம் டிஸ்க் வாங்கி வரச் சொன்னால், முதலில் பின்னட்டையை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ரீஜன் என்பது எந்தப் பகுதி பிளேயரில் டிஸ்க் ஓடும் என்ற பூட்டு: ஐரோப்பிய ப்ளூ-ரே பெரும்பாலும் ரீஜன் பி, நம் ஊர் பிளேயர் சி, அதனால் ஓடாமல் போகலாம். 4கே டிஸ்குக்கு இந்தப் பூட்டு இல்லை.

அப்புறம் ஆடியோ வரி. விஎஃப் என்றால் பிரெஞ்சு டப்பிங், விஓ என்றால் மூல மொழி. இரண்டுக்கும் 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) என்றே போட்டிருப்பார்கள், அதை வைத்து இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள்: மூல மொழிக்கு டிடிஎஸ்-ஹெச்டி மாஸ்டர் ஆடியோவும் டப்பிங்குக்கு வெறும் டால்பி டிஜிட்டலும் இருக்கலாம். முன்னது எதையும் இழக்காத ஒலி, பின்னது ப்ளூ-ரேயில் அதிகபட்சம் நொடிக்கு 640 கிலோபிட்தான்.

ஒப்பிடும்போது மழையோ கூட்டமோ உள்ள ஒரே காட்சியை இரண்டு மொழியிலும் ஓட்டுங்கள். வால்யூமைச் சமமாக்கிக்கொள்வது ரொம்ப முக்கியம், ஏனென்றால் சத்தம் கூடுதலாக இருக்கும் டிராக்தான் காதுக்கு எப்போதும் நன்றாகப் படும். பின்பக்க ஸ்பீக்கரில் மழை தனித்தனித் துளியாக விழுகிறதா, வெறும் இரைச்சலா என்று கவனியுங்கள்.

பிளேயரில் பிட்ஸ்ட்ரீம் (டிஸ்கிலுள்ள ஒலியை அப்படியே ரிசீவருக்கு அனுப்பும் அமைப்பு) வைத்து, செகண்டரி ஆடியோவை (மெனு சத்தம், கமெண்டரி போன்றவற்றைக் கலப்பது) அணைத்துவிடுங்கள். ஹெச்டிஎம்ஐ கேபிள்தான் வேண்டும், ஆப்டிகல் கேபிளில் இழப்பில்லாத 5.1 வராது.

சப்டைட்டிலையும் பாருங்கள்: சில பிரெஞ்சு டிஸ்குகளில் ஆங்கில சப்டைட்டில் இருக்காது, விஓ போட்டால் பிரெஞ்சு எழுத்தை நீக்கவும் முடியாது.