ஆய்வுக்கும் வகுப்புக்கும் ஒரே நிரல்: ஆற்று நீரின் கணினி மாதிரி ஒன்றைக் கட்டும் முறை

சுற்றுச்சூழல் துறையில் நிரல் எழுத முற்படும் ஆசிரியர்கள் பலர் திரையின் தோற்றத்திலிருந்து தொடங்குகிறார்கள். கணக்கிலிருந்து தொடங்குவதே நல்லது. கணக்கைச் செய்யும் பகுதியை, கோப்பைப் படிக்கும் பகுதியிலிருந்தும் வரைபடம் வரையும் பகுதியிலிருந்தும் முற்றிலும் பிரித்து எழுதிவிட்டால், ஆய்வுக்கு அதையே ஆயிரம் முறை ஓட்டலாம். வகுப்புக்கு அதன்மேல் நான்கு பொத்தான்களைப் பொருத்தினால் போதும்.

முதலில், விடை முன்பே தெரிந்த ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றை ஆராய்ந்து ஸ்ட்ரீட்டரும் ஃபெல்ப்ஸும் 1925-இல் வெளியிட்ட சமன்பாடு இதற்கு மிகவும் பொருந்தும். ஆற்றில் கலந்த கழிவு சிதையும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் செலவாகிறது, காற்றிலிருந்து புதிய ஆக்சிஜன் கரைகிறது. இந்த இழுபறியில் ஆக்சிஜன் பற்றாக்குறை, அதாவது நீர் கொள்ளக்கூடிய அளவுக்கும் இருக்கும் அளவுக்கும் உள்ள இடைவெளி, ஏறி, பிறகு இறங்குகிறது. சிதையும் வேகம் நாளொன்றுக்கு 0.3, காற்றிலிருந்து கரையும் வேகம் 0.6, கழிவின் ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 20 மில்லிகிராம், தொடக்கப் பற்றாக்குறை சுழியம் என்று வைத்துத் தாளிலேயே போட்டால், ஏறத்தாழ 2.31 நாளில் பற்றாக்குறை லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்ற உச்சத்தைத் தொடும்.

இதையே, காலத்தைப் படிகளாக வெட்டி ஒவ்வொரு படியின் தொடக்க வேகத்தையே அந்தப் படி முழுவதற்கும் கொள்ளும் ஆய்லர் முறையில், ஒரு நாள் காலப்படியுடன் ஓட்டிப் பாருங்கள்: உச்சம் 6.6 என்று வரும். படியை 0.1 நாளாகக் குறைத்தால் 5.1. நிரலில் எழுத்துப்பிழைகூட இல்லாதபோதும் விடை தவறலாம் என்பதை மாணவர்கள் இங்கே கண்ணால் காண்கிறார்கள். இருபது டிகிரி செல்சியஸில் நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனையே கொள்ளும் என்பதால், பெரிய படி மீன்களுக்கு 2.5 மட்டுமே மிஞ்சும் என்கிறது. சரியான விடையோ 4.1. இந்த ஒப்பீட்டைச் சோதனையாக எழுதி, நிரலைத் திருத்தும்போதெல்லாம் அது தானாக ஓடும்படி செய்யுங்கள்.

அடுத்தது தரவு. கருவிகள் பல, விடுபட்ட அளவீட்டை -9999 என்று குறிக்கின்றன. முப்பது நாள் வெப்பநிலையில் அப்படி ஒன்று நுழைந்தால், சராசரி -300-க்கும் கீழே போய்த் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். ஓராண்டின் 8,760 மணிநேர அளவீடுகளில் ஒன்றே ஒன்று நுழைந்தாலோ சராசரி ஏறத்தாழ 1.1 டிகிரி மட்டுமே குறையும், யாருக்கும் ஐயம் எழாது. எனக்கு அச்சம் தருவது இந்த இரண்டாவது வகைதான். ஆகவே, ஏற்கத்தக்க மேல், கீழ் எல்லைகளை நிரலிலேயே எழுதி, அவற்றை மீறும் மதிப்பு வந்தால் நிரல் நின்றுவிடும்படி செய்யுங்கள். மாறிகளின் பெயரில் அலகையும் சேர்த்து எழுதுவது அழகாக இராது. ஆனால் நாளையும் வினாடியையும் குழப்பிக்கொள்ளாமல் காக்கும்.

நிரலின் பதிப்புகளை, மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கிட் (Git) என்ற மென்பொருள் கொண்டு பேணுங்கள், பிறர் நிரலைப் பயன்படுத்தும் நிபந்தனைகளைச் சொல்லும் உரிமக் கோப்பு ஒன்றை இணையுங்கள். கட்டுரை வெளியிடும் நாளில், அதில் வரும் படங்களை உருவாக்கிய பதிப்புக்குத் தனிக் குறி இடுங்கள். பிறகு, இந்த நிரலை முன்பு கண்டிராத ஒரு மாணவரிடம் குறிப்புக் கோப்பை மட்டும் கொடுத்து, அவருடைய கணினியில் நிறுவச் சொல்லிவிட்டு, அவர் எந்த வரியில் தயங்குகிறார் என்பதைக் குறுக்கிடாமல் குறித்துக்கொள்ளுங்கள்.